ஒளிப்பதிவுக்காகவே பாக்கவேண்டிய படங்கள்: போட்டோ எடுக்கிற ஆக்கள் வந்து சொல்லுங்க

வாவிக்கரையான்
எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடி. செக்கன்ட்ஹேண்ட் கெமரா ஒண்டு வாங்கியிருக்கன், 50 எம்எம் 1.8 லென்ஸ் ஒண்டும் இரிக்கு. யூடியூப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு, எல்லாரும் அதே செட்டிங்கத்தான் திருப்பித் திருப்பிச் சொல்றாங்க. தெரிஞ்ச அண்ணன் ஒராள் சொன்னாரு, நல்ல ஒளிப்பதிவு உள்ள படங்களப் பாரு, கண் தானாப் பழகும் எண்டு. அப்ப எந்தப் படம்? தமிழ், சிங்களம், இங்கிலீசு எதுவானாலும் பறவாயில்ல. ஒண்டு மட்டும், "செம விசுவல் மச்சான்" எண்டுத்துப் போகாம அதுல எதப் பாக்கணும் எண்டும் சொல்லுங்க.

தேத்தண்ணி
96. ஹீரோவே டிராவல் போட்டோகிராபர். முடிஞ்சி.

வாவிக்கரையான்
மச்சான், ஹீரோ போட்டோகிராபர் எண்டா படம் போட்டோவப் பத்தின படமா? இதுக்குத்தான் மேல எழுதின நான்.

தேத்தண்ணி
செம விசுவல் மச்சான் 😁

பழைய ஃபிலிம் ரோல்
தம்பி, கல்லடியில இருந்துகொண்டு ஊரெல்லாம் கேக்கிறீங்க. பாலத்தால அங்கால போய் டவுணத் தாண்டினா அமிர்தகழி. மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருசா வருசம் போறீங்கதானே, அந்த ஊர்ல 1939ல பொறந்தவர்தான் பாலு மகேந்திரா. சென் மைக்கல்ஸ் பள்ளிக்கூடத்துல படிச்சவர். மறுகா பூனா திரைப்படக் கல்லூரிக்குப் போய் ஒளிப்பதிவு படிச்சாரு. சின்ன வயசுல ஸ்கூல் டிரிப் போகக்குள்ள கித்துள்கலைப் பக்கம் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' எடுத்துக்கொண்டிருந்தத நேர பாத்தவராம். டைரக்டர் "ரெயின்" எண்டு கத்தினதும் மழை பெஞ்சிச்சாம், அண்டைக்கே முடிவெடுத்தன் எண்டு அவரே பேட்டியள்ல சொல்லியிரிக்காரு.

நீங்க பாக்கவேண்டியது: முள்ளும் மலரும் (1978, மகேந்திரன் டைரக்சன், இவர் கெமரா), மூன்றாம் பிறை (1982, இதுக்கு ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது), வீடு (1988). சந்தியா ராகம் கிடைச்சா அதையும் பாருங்க, அது கறுப்பு வெள்ள.

எதப் பாக்கிற எண்டு கேட்டீங்க. ஒவ்வொரு சீன்லயும் நிப்பாட்டி, "வெளிச்சம் எங்கால வருது" எண்டு மட்டும் கேளுங்க. அந்தாள்ர படத்துல அநேகமா ஒரு யன்னல், இல்லாட்டி ஒரு திறந்த கதவு, அவ்வளவுதான். முகத்துல ஒரு பக்கம் வெளிச்சம், மத்தப் பக்கம் அப்புடியே விழுந்து போய்க் கிடக்கும், அத நிரப்ப மாட்டாரு. அந்தக் காலத்துச் சினிமாவில ஆர் நிண்டாலும் நாலு பக்கத்தாலயும் லைட் அடிச்சு மூக்கு நிழல் கூட இல்லாமச் செய்வாங்க, நாங்க ஸ்டூடியோவிலயும் அதத்தான் செஞ்ச. கறுப்பா இருந்தா வெளுப்பாக் காட்டணும், அதுதான் கஸ்டமர் கேக்கிற. இவர் கறுத்த தோலக் கறுப்பாவே விட்டு, அதுல யன்னல் வெளிச்சம் ஒரு கோடாப் பட்டா எப்புடி மினுங்கும் எண்டு காட்டினாரு. ஷோபாவையும் அர்ச்சனாவையும் பாருங்க, விளங்கும்.

கூத்துப்பைத்தியம்
ரோல் சேர் சொன்னதோட நானும் ஒத்துப்போறன். ஒண்டு மட்டும் சேக்கணும், அதே யன்னல் வெளிச்சத்துக்கு உதிரிப்பூக்களையும் (1979) நெஞ்சத்தைக் கிள்ளாதேயையும் (1980) பாருங்க. ரெண்டும் மகேந்திரன்ட படம், கெமரா அசோக்குமார். நெஞ்சத்தைக் கிள்ளாதேக்கு அவருக்குத் தேசிய விருது கிடைச்சது. அதுல விடியக்காலையில ஓடுற காட்சியள்ல பனிக்குள்ளால வெயில் வாற அழகு சொல்லி ஏலா.

படுவான்கரைப் பொடியன்
எல்லாரும் கோவிக்காதீங்க. நான் ஒரு கேள்வி கேக்கிறன்.

மூன்றாம் பிறை ஊட்டி. பனி, மேகம், மெல்லிசு வெளிச்சம், கெமராவ எங்கால திருப்பினாலும் வடிவு. நம்மட வெல்லாவெளியில, கொக்கட்டிச்சோலையில அந்த வெளிச்சம் எங்க இரிக்கு? கச்சான் காத்து அடிக்கிற மாசம் பத்து மணிக்கு வெளிய இறங்கினா வெயில் உச்சந்தலையில நட்டுவச்ச மாதிரி நிக்கும், வயல் வெட்டின கட்டை, தூசி, வானம் வெள்ளவெளேரெண்டு. இந்த வெளிச்சத்துல எடுக்கிறதுக்குப் பாடம் சொல்ற படம் எது? எல்லாரும் கோல்டன் அவர் கோல்டன் அவர் (விடியவும் பொழுதுபடவும் வாற மெல்லிசு வெளிச்சம்) எண்டுறாங்க, அப்ப காலம ஆறரையில இருந்து பின்னேரம் அஞ்சரை வரைக்கும் கெமராவ அலுமாரியில வைக்கிறதா?

என்னைக் கேட்டா கூழாங்கல். 2021ல ரொட்டர்டாம் விழாவில டைகர் விருது எடுத்த படம், பி.எஸ். வினோத்ராஜ் டைரக்சன், கெமரா விக்னேஷ் குமுளையும் ஜெய பார்த்திபனும். ஒரு தகப்பனும் மகனும் மொட்ட வெயில்ல நடக்கிற, படம் முழுக்க அதுதான். நிழல் காலுக்கடியில சுருண்டு கிடக்கும். அழகா ஆக்குறதுக்கு ஒண்டுமே செய்யல்ல, அனல அனலாவே காட்டியிரிக்காங்க, பாக்கிற நமக்குத் தொண்ட காயும். நம்மட ஆக்கள் நம்மட ஊர எடுக்கக்குள்ள ஏன் இத ஊட்டி மாதிரி ஆக்கப் பாக்கிறாங்க எண்டு எனக்கு விளங்கல்ல.

கடலோரம்
பொடியன் தம்பி, கோல்டன் அவர அப்புடி ஏசாதீங்க 😀 கல்லடியில இருக்கிறவருக்கு அது ரெண்டு தரம் கிடைக்கிற சாமான். விடிய கடல்ல, பொழுதுபட வாவியில. ரெண்டுக்கும் இடையில நடந்தே போகலாம். இது கொழும்பில இருக்கிறவனுக்குக் கிடைக்குமா?

அதுக்குப் படம் 'டேஸ் ஒஃப் ஹெவன்', 1978. நெஸ்தோர் அல்மென்ட்ரோஸ் கெமரா, ஒஸ்கார் எடுத்தது. சூரியன் விழுந்ததுக்குப் பிறகு வாற அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நாள் முழுக்கக் காத்திருந்து எடுத்த படம். நிறையப்பேர் பிழையா விளங்கிற இடம் இதுதான்: மஞ்சள் வெயில் அடிக்கிற நேரமில்ல அது. சூரியன் மறைஞ்ச பிறகு. அப்ப நிழலே இல்ல, வானம் முழுக்க ஒரே லைட், கோதுமை வயல் தானா வெளிச்சம் விடுற மாதிரி இருக்கும். அங்க, கனடாவில அல்பேர்ட்டா பக்கம், சூரியன் சரிஞ்சு சரிஞ்சு இறங்கும், அந்த வெளிச்சம் கூட நேரம் நிக்கும். நாம பூமத்திய கோட்டுக்குக் கிட்ட, சூரியன் நெட்டுக்குத்தா விழும், இருபது நிமிசத்துல இருட்டு. அதால லென்ஸ் மாத்துறது, ட்ரைபோட் விரிக்கிறது எல்லாம் முதலே செஞ்சு வச்சித்து நிக்கணும். சனம் சூரியன் மறைஞ்ச உடன கெமராவ மூடித்துப் போகும், அப்பதான் வேல தொடங்குது.

தளபதியையும் (1991, சந்தோஷ் சிவன்) மறக்காதீங்க. சூரியனையே ஃபிரேமுக்குள்ள வச்சு அதுக்கு முன்னால ஆள நிப்பாட்டி உருவத்த மட்டும் வெட்டி எடுத்த படம். கர்ணன்ட கதை எண்டபடியா அது சும்மா ஸ்டைலுக்குமில்ல.

படுவான்கரைப் பொடியன்
நீங்க எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கால, கடல் பக்கம்) ஆக்கள், அப்புடித்தான் சொல்லுவீங்க 😂

அட்டாளச்சேனை காக்கா
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் கலியாணம்தான் எடுக்கிற, அதால என்ட பதில் தொழில்ப் பக்கமா இரிக்கும்.

பொடியன் தம்பி கேட்ட உச்சி வெயிலுக்கு ஒரு விடை 1956லயே இரிக்கு. சத்யஜித் ரேட 'அபராஜிதோ'. கெமரா சுப்ரதா மித்ரா. இந்த மனுசன் பதேர் பாஞ்சாலி எடுக்க வரக்குள்ள சினிமாக் கெமராவத் தொட்டதே இல்ல, நம்மள மாதிரி ஸ்டில் போட்டோ எடுத்துத் திரிஞ்ச இளந்தாரி. ரெண்டாவது படத்துல காசியில இருக்கிற ஒரு பழைய வீட்ட, நடுவில முத்தம் வச்ச வீடு, ஸ்டூடியோவில செட் போட்டாங்க. முத்தத்துக்கு மேலால வானத்துல இருந்து வாற வெளிச்சம் எப்புடி இருக்கும்? நிழல் இல்லாம, மெத்து மெத்தெண்டு. ஸ்டூடியோ லைட்ட நேரா அடிச்சா அது வராது. மனுசன் என்ன செஞ்சாரெண்டா செட்டுக்கு மேல ஒரு வெள்ளத் துணிய இழுத்துக் கட்டி, லைட்டெல்லாத்தையும் கீழ இருந்து அந்தத் துணிக்கு அடிச்சாரு. துணியில பட்டுத் திரும்பி வாற வெளிச்சம்தான் படத்துல இரிக்கிற. பாத்தா ஸ்டூடியோ எண்டு ஆருமே சொல்ல மாட்டாங்க.

இத வாசிச்ச பிறகு என்ட பேக்கில எப்பயும் ஒரு வெள்ளத் துணி இரிக்கும். நிக்காஹ் அநேகமா வீட்ல, லுஹருக்குக் (மத்தியானத் தொழுகை) கிட்டின நேரம், முத்தத்துல ஷீற் இறக்கின பந்தல், ஓரத்தால வெயில் வெட்டி விழுது. மாப்புளட அரைவாசி முகம் வெள்ள, அரைவாசி கறுப்பு. ஒரு பொடியன்ட கையில துணியக் குடுத்து வெயில் விழுற இடத்துல விரிச்சுப் புடிக்கச் சொன்னா போதும், முகத்துக்கு வெளிச்சம் ஏறிடும். ரெஜிஃபோம் (தெர்மாகோல்) அட்டையும் சரி, ஆனா காத்துக்குப் பறந்து ஒரு தரம் பிரியாணிச் சட்டிக்குள்ள விழுந்த கதையும் இரிக்கு.

பொண்ண எடுக்கிறதுக்கு 'இன் த மூட் ஃபோர் லவ்' (2000) பாருங்க. கிறிஸ்டோபர் டொய்லும் மார்க் லீ பிங்-பினும். ஆளக் கிட்டப் போய்ப் புடிக்காம கதவு நிலையூடா, கண்ணாடியில, திரைச்சீல இடைவெளியில புடிச்சிரிக்காங்க. நம்மட வீடுகள்ல பொண்ணு இரிக்கிற அறைக்குள்ள எடுத்த எடுப்பில போக ஏலா. வாசல்ல நிண்டுதான் எடுக்கணும். அந்தப் படம் பாத்த பிறகு வாசல்ல நிக்கிற எனக்குக் கரச்சலாத் தெரியிறல்ல.

தேத்தண்ணி
காக்கா பிரியாணி கதைய முழுசாச் சொல்லுங்க

பழைய ஃபிலிம் ரோல்
காக்காட பதிலுக்கு ஒரு தேத்தண்ணி.

மொபைல் மன்னன்
எல்லாம் சரி, நாயகன் கலர்ல ஒரு லைட்ரூம் பிரிசெட் (ஒரே தட்டுல படத்துட கலர மாத்துற செட்டிங்) ஆரிட்டயாவது இரிக்கா? போட்டாப் படம் அப்புடியே மாறிடுமே.

கூத்துப்பைத்தியம்
இதுக்குத்தான் இந்த இழையே தேவ எண்டு நினைக்கிறன்.

தம்பி, நாயகன்ல (1987, பி.சி. ஸ்ரீராம், இதுக்கும் தேசிய விருது) நீங்க கலர் எண்டு நினைக்கிறது கலரே இல்ல. அது இருட்டு. வெளிச்சம் மேலால வருது, கண் குழிக்குள்ள நிழல் விழுது, அறையில முக்காவாசி தெரியாது. வேலு நாயக்கர் என்ன யோசிக்கிறார் எண்டு நமக்குத் தெரியக்கூடா, அதால கண்ணக் காட்டல்ல. இதே வேலைய 1972ல 'தி கோட்ஃபாதர்'ல கோர்டன் வில்லிஸ் செஞ்சாரு, மார்லன் பிராண்டோட கண் நிழலுக்குள்ளதான் கிடக்கும். நீங்க கல்லடி பீச்சில பட்டப் பகல்ல எடுத்த படத்துக்கு அந்தப் பிரிசெட்டப் போட்டா என்ன வரும்? மண்ணிறமா ஒரு பீச் வரும். வெளிச்சம் எடுக்கக்குள்ளயே இருக்கணும். அதே பி.சி. ஸ்ரீராம்தான் அடுத்த வருசமே அக்னி நட்சத்திரத்துல பின்னால இருந்து லைட்ட லென்சுக்கே அடிச்சு ஒளித்தெறிப்போட எடுத்தாரு, கோபக்காரப் பொடியன்கள்ர கதைக்கு. கதை மாறினதும் வெளிச்சமும் மாறிச்சு.

நான் கூத்து எடுக்கிற. விடியவிடிய வடமோடி ஆடுற களரியில இப்ப டியூப் லைட்டும் எல்ஈடியும் கட்டுறாங்க, பச்சையா ஒரு வெளிச்சம், அண்ணாவியார்ட (கூத்துப் பழக்குறவர்) முகத்துல உயிரே இல்லாமப் போயிடும். ஆனா ஆட்டக்காரன் கிறுகி ஓரத்துக்கு வந்து அர இருட்டுக்குள்ள நிக்கிற ஒரு நொடி இரிக்கு, உடுப்புல ஒட்டின கண்ணாடித் துண்டு மட்டும் மினுங்கும், நான் அதுக்குத்தான் காத்திருக்கிற. ஃபிளாஷ் போட்டா அது செத்துப்போகும். இந்தத் துணிவ நாயகன்தான் எனக்குத் தந்த.

குத்துவிளக்கு வெளிச்சத்துல எடுக்கிற ஆக்கள் 'பேரி லின்டன்' (1975) பாருங்க. ஜோன் அல்கொட். மெழுகுதிரி வெளிச்சத்துல மட்டும் எடுத்த காட்சியள் அதுல இரிக்கு. அதுக்கு ஸ்டான்லி குப்ரிக் பாவிச்சது நாசாவுக்காக ஸைஸ் கம்பனி செஞ்ச 50 எம்எம் எஃப் 0.7 லென்ஸ் (எஃப் இலக்கம் குறையக் குறைய வெளிச்சம் கூட உள்ள வரும்). கெமராவையே வெட்டித் திருத்தித்தான் அதப் பூட்டினாங்க. ஃபோக்கஸ் அவ்வளவு மெல்லிசு, நடிகர் கொஞ்சம் முன்னால சாஞ்சா மங்கிடும், அதால எல்லாரும் ஓவியத்துல இரிக்கிற மாதிரி ஆடாம அசையாம இருப்பாங்க. படத்துக்கும் அது பொருந்தித்து.

வாவிக்கரையான்
டீச்சர் (டீச்சர்தானே?), நாசா லென்சுக்கு நான் எங்க போற? என்ட 1.8 தான்.

கூத்துப்பைத்தியம்
டீச்சர்தான். அதால கணக்குச் செஞ்சே காட்டுறன்.

அவங்க பாவிச்ச ஃபிலிம் 100 ஏ.எஸ்.ஏ. (வெளிச்சத்த வாங்குற வேகம், இப்ப ஐ.எஸ்.ஓ. எண்டுறது), லேப்ல ஒரு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் எண்டா ரெண்டு மடங்கு) கூட்டிக் கழுவி 200 ஆக்கினாங்க. உங்கட 1.8, அந்த 0.7 ஐ விடக் கிட்டத்தட்ட ரெண்டே முக்கால் ஸ்டொப் இருட்டு. ஆனா உங்கட கெமராவில ஐ.எஸ்.ஓ. 6400 வைக்கலாம், அது 200 ஐ விட அஞ்சு ஸ்டொப் கூட. கழிச்சுப் பாருங்க, குப்ரிக்க விட ரெண்டு ஸ்டொப்புக்கு மேல உங்களுக்குத்தான் லாபம். படத்துல கொஞ்சம் கிரெய்ன் (புள்ளி புள்ளியா) வரும், வரட்டும். அதால லென்ஸ் இல்ல எண்டு சொல்லக்கூடா. ஆனா கண்ணகி அம்மன் சடங்குக்குள்ள கெமராவோட போக முதல் கப்புகனார்ட்டக் (பூசாரி) கேளுங்க, சில கோயில்ல உள்ளுக்கு எடுக்க விட மாட்டாங்க, ஒளிச்சு எடுக்கிற வேல வேணாம்.

கடலோரம்
சிங்களப் படம் ஒருத்தரும் சொல்லல்லயே. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ்ட 'நிதானய' (1972), கெமரா எம்.எஸ். ஆனந்தன். கறுப்பு வெள்ளயில ஒரு பெரிய வளவ்வு வீடு, அந்த வீட்ட ஒரு ஆளாவே எடுத்திரிக்காங்க. 'கம்பெரலிய' (1963), வில்லியம் பிளேக் கெமரா, அதுலயும் வீடுதான். நம்மட ஊர்ல பழைய நாச்சார் வீடு (நடுவில முத்தம் வச்ச வீடு) எடுக்கிற ஆக்கள் ரெண்டையும் பாக்கணும்.

படுவான்கரைப் பொடியன்
ராத்திரிக்கு ஒரு படம் நானும் சொல்லட்டா? 'வன்ஸ் அப்பொன் எ டைம் இன் அனடோலியா' (2011). டைரக்டர் நூரி பில்கே ஜெய்லான் போட்டோகிராபராவும் இருந்தவர், கெமரா கோக்கான் திர்யாக்கி. ராத்திரி வெட்டவெளியில ஒரு பிரேதத்தத் தேடித் திரியிறாங்க, வெளிச்சம் எண்டா கார் ஹெட்லைட். புல்லு மஞ்சளா அலையடிக்கும், அதுக்கு அங்கால ஒண்டும் இல்ல. எங்கட வயலுக்க மோட்டச்சைக்கிள் லைட்டப் போட்டுப் பாத்தன், அதே மாதிரித்தான் வருது, ஒரு ஆள் அந்த வெளிச்சத்த ஊடறுத்து நடந்தாப் போதும். ஆனா இந்தப் பக்கம் ராத்திரியில யானை இறங்கும், காவலுக்கு நிக்கிற ஆக்கள்ட சொல்லித்துப் போங்க. துருக்கியில அந்தப் பிரச்சின இல்ல.

மொபைல் மன்னன்
சண்டப் படம் ஆரும் சொல்லல்ல. கன்னத்தில் முத்தமிட்டால்? நம்மட கதைதானே, ரவி கே. சந்திரன் பின்னியிருப்பாரு.

பழைய ஃபிலிம் ரோல்
வடிவான வேலதான், இல்லெண்டு சொல்லல்ல. 2002ல வந்தது, இந்தியாவிலதான் எடுத்த, இஞ்ச இல்ல. அந்த மரம் செடியப் பாக்கக்குள்ள இது நம்மட இடமில்லையே எண்டு கண்ணுக்குத் தட்டும். அது சின்ன விசயம். எனக்குக் கரச்சல் வேற: குண்டு விழுற காட்சியும் பாட்டுக் காட்சி மாதிரி வடிவா இரிக்கு. அத நேர கண்ட ஆக்கள் தூசியையும் சத்தத்தையும்தான் சொல்லுவாங்க. இடம்பெயர்ந்த சனத்த நான் எடுத்த காலத்துல வடிவாத் தெரிஞ்ச படத்தையெல்லாம் ஒதுக்கி வச்சித்தன். அது என்ட கணக்கு, உங்களுக்கு வேற இருக்கலாம்.

கூத்துப்பைத்தியம்
சேர், நான் அதுல முழுக்க ஒத்துப்போகல்ல. வடிவா எடுத்தபடியாத்தான் அங்கிட்டு இருக்கிற லட்சக்கணக்கான ஆக்கள் பாத்தாங்க. ஆனா இது வேற இழைக்குரிய கதை, தொடங்கினா முடியாது.

வாவிக்கரையான்
எல்லாருக்கும் பெரிய நன்றி. ஒரு கேள்வி: ஃபோன்ல பாத்தாப் போதுமா? டெலிகிராம்ல 300 எம்பி கொப்பி எல்லாம் கிடக்கு.

கடலோரம்
நாயகன், கோட்ஃபாதர் மாதிரி இருட்டுப் படத்த 300 எம்பியில பாத்தா இருட்டுக்குள்ள கட்டம் கட்டமாத்தான் தெரியும், அமுக்கி அமுக்கி நிழலுக்குள்ள இரிக்கிற விவரத்தையெல்லாம் கொன்றிப்பாங்க. நல்ல பிரின்ட் தேடுங்க. ரெஸ்டோர் பண்ணின பதிப்பெண்டா கலரையும் ஒருக்கா யோசிச்சுப் பாருங்க, சிலதுல ஒரிஜினல்ல இல்லாத மஞ்சள் ஏத்தி வச்சிருப்பாங்க. ஃபோன்ல பாக்கிறதெண்டா லைட்ட நிப்பாட்டித்துப் பாருங்க.

சவுண்ட மியூட் பண்ணிப் பாருங்க, ரெண்டாவது தரம். இளையராஜாட இசை ஓடினா எந்த ஃபிரேமும் நல்லாத்தான் தெரியும்.

தேத்தண்ணி
மியூட்ல வீடு பாத்தன். அம்மா வந்து டீவிக்கு என்ன பிடிச்சது எண்டு ரிமோட்டப் பறிச்சித்தா. ஆனா ஒண்டு சொல்லணும், அந்தக் கட்டி முடியாத வீட்டுக்குள்ள கிழவர் நிக்கிற இடம், கூரை இல்லாத பக்கத்தால வெளிச்சம் வருது பாருங்க, சத்தியமா நான் முந்தி அதக் காணல்ல.

பழைய ஃபிலிம் ரோல்
தேத்தண்ணி தம்பி தேறிட்டாரு.

வாவிக்கரையான்
நானும் காக்கா சொன்ன துணிய முயற்சி செஞ்சன். குறுமண்வெளியில இருந்து மண்டூருக்குப் போற பாதையில (வாவியக் கடக்கிற மிதவை), உச்சி வெயில், அக்கர போற ஒரு ஐயாவக் கேட்டு எடுத்த. துணிய மச்சான் புடிச்சான். வெளிச்சம் நல்லா ஏறிச்சு, ஆனா முகத்துல ஒரு நீலம் அடிக்குது. வைட் பேலன்ஸ (கெமராவில கலரச் சமன் செய்யிற செட்டிங்) மாத்தினா தண்ணியும் வானமும் பழுதாப் போகுது. எதால இப்புடி?

அட்டாளச்சேனை காக்கா
துணிய உம்மா தோச்ச நேரம் நீலம் போட்டிருப்பா தம்பி. நீலம் போட்ட துணியில பட்டு வாற வெளிச்சம் நீலமாத்தான் வரும், இப்ப வாற சலவத் தூள்லயும் வெள்ளயாத் தெரியணும் எண்டு ஒரு சாமான் போடுறாங்க, அதுவும் அப்புடித்தான். கடையில மல் துணி ரெண்டு யார் வெட்டி எடுங்க, சும்மா தண்ணியில அலசிக் காயப்போடுங்க. இன்னொண்டு, பாதையில திறந்த வானம், எல்லாப் பக்கத்தாலயும் நீலம் வருது, துணிய முகத்துக்கு இன்னும் கிட்டக் கொண்டு வாங்க. ஐயாட படத்த இதுல போடுங்க பாப்பம், நீலமா இருந்தாலும் பறவாயில்ல.